இட்டேரிக்குள் நுழையாத மிலிட்டரி லாரி: வீட்டு வண்டிக்கு எதை வாங்கலாம்?

தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீடான சாளைக்குப் போகும் வண்டிப்பாதையை, அதாவது இட்டேரியை, நாடா வைத்து அளந்தோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மிகக் குறுகலான இடத்தில் எட்டரை அடி. ராணுவம் ஓட்டும் அசோக் லேலண்ட் ஸ்டாலியன் லாரியின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே எட்டே கால் அடியை ஒட்டி வருகிறது. வேலியைக் கொஞ்சம் வெட்டிவிடலாமே என்றான் மச்சினன். அந்த வேலி பங்காளியுடையது. மலையேறும், மணலில் ஓடும், ஓடையில் இறங்கும் என்று மூன்று மாதமாக அவன் புகழ்ந்துகொண்டிருந்த வண்டி சொந்தத் தோட்டத்துக்குள்ளேயே வராது என்று தெரிந்த அன்றுதான் நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கவே தொடங்கினோம். அதுவரை இருந்ததற்கு மோகம் என்று பெயர்.

எங்களுக்கு வேண்டியது ஊர் சுற்ற ஒரு வீட்டு வண்டி. தேவை என்னவோ எளிதுதான். நான்கு பேர் படுக்க வேண்டும், சமைக்க ஓர் இடம், மறைவாக ஒரு கழிப்பறை, வருடத்தில் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டம். மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவரும் வருவார். இதற்கு ராணுவம் கழித்த லாரியை ஏலத்தில் எடுத்துப் பெட்டி கட்டலாம். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி இருக்கைகளைக் கழற்றி வீடாக்கலாம். டாடா 407 வகைச் சிறு லாரியைப் புதிதாகக் கேபினும் சேசிஸ் என்ற அடிச்சட்டமுமாக எடுத்துப் பாடி கட்டலாம். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி இறக்கும் பெட்டி என்று நான்காவதாக ஒன்று உண்டு. அதில் இருவர் படுக்கலாம். நால்வர் படுத்தால் சண்டை வரும். அதை அப்போதே கழித்துவிட்டோம். ராணுவம் விற்ற ஜிப்சி, ஜோங்கா ஜீப்புகளும் பேச்சில் வந்தன. அவை இட்டேரிக்குள் துள்ளிக்கொண்டு போகும், ஆனால் வீடாகாது. கூரைமேல் ஒரு கூடாரம், அவ்வளவுதான்.

லாரியில் குடித்தனம் நடத்துவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் ரிக் வண்டிகளைப் பாருங்கள். ரிக் ஒன்று, கம்ப்ரசரும் குழாய்களும் சுமக்கும் துணை லாரி ஒன்று என்று ஜோடியாக வடக்கே போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் அந்த லாரியின் அடியிலும் மேலுமாகச் சமைத்து, குளித்து, உறங்கி வாழ்கிறார்கள். மச்சினன் அப்படி ஒரு ரிக்கில் ஒன்பது வருடம் ஓட்டியவன். அதனால்தான் பெரிய லாரி என்றால் அவனுக்குப் பயமில்லை. எனக்கு உண்டு.

மிலிட்டரி லாரி: பலம் எங்கே, பொறி எங்கே

சந்தையில் பெரும்பாலும் கண்ணில் படுபவை இரண்டு: ஸ்டாலியன், அதைவிடச் சிறிய டாடா எல்.பி.டி.ஏ. 713. இரண்டுமே ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையிலும் கோக்கப்பட்டவை. இரண்டுக்கும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு. ஸ்டாலியன் காட்டுவழியில் ஐந்து டன்னும் சாலையில் ஏழரை டன்னும் சுமக்கும் வகை. 713 இரண்டரை டன் வகை. இவற்றுக்கு முந்தைய சக்திமான் லாரியின் உற்பத்தி 1996-லேயே நின்றுவிட்டது. அதைத் தேடிப் போகிறவர்கள் பயணம் செய்ய விரும்புகிறவர்கள் அல்லர், பழம்பொருள் சேர்ப்பவர்கள்.

ஸ்டாலியனின் உண்மையான பலம் நான்கு சக்கர விசை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதன் பலம் எடை தாங்கும் சக்தி. வீட்டு வண்டியில் எதைத் தொட்டாலும் கிலோதான். இருநூறு லிட்டர் தண்ணீர் என்றால் இருநூறு கிலோ. அதன்மேல் பேட்டரிகள், கட்டில், அலமாரி, கேஸ் அடுப்பு, கழிப்பறைத் தொட்டி, கூரையில் சூரியத் தகடுகள், கடைசியில் வீட்டுக்காரம்மா எடுத்து வைக்கும் பாத்திரங்கள். பெட்டியோடு சேர்த்து மூன்று டன் போனாலும் ஸ்டாலியன் அலட்டிக்கொள்ளாது. இன்னும் சொன்னால், அந்த எடை ஏறினால்தான் அதன் வில்பட்டைகள் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். வெறும் வண்டியாக ஓட்டினால் முதுகெலும்பை எண்ணிவிடலாம்.

சேலம் புறவழிச்சாலைப் பக்கம் ராணுவம் கழித்த டிஸ்போசல் வண்டிகள் நிறுத்திவைத்திருந்த ஒரு மைதானத்தில் நாங்கள் ஒரு ஸ்டாலியனைப் பார்த்தோம். ஓடோமீட்டர் முப்பத்தெட்டாயிரம் காட்டியது. மச்சினனின் முகம் மலர்ந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அதில் 2313 என்று இருந்தது. 2013-ன் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். கட்டை தேயவில்லை, ஆனால் பக்கச் சுவர் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு. ஓடாத வண்டி தேயாது, உளுத்துப்போகும். பிரேக் குழாய்கள், காற்று அறைகளின் ரப்பர், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீல்கள், டீசல் தொட்டியின் அடியில் சேர்ந்த கசடு, எலி கடித்த வயர் எதையும் ஓடோமீட்டர் காட்டாது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தபோது உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

எஞ்சினைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டியதில்லை. லேலண்ட் பொது லாரிகளில் போட்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சிக்கல் முன் அச்சிலும், விசையை முன்னும் பின்னும் பிரித்தனுப்பும் பெட்டியிலும் இருக்கிறது. அவை பொது லாரியில் இல்லாத உறுப்புகள். உடைந்தால் இன்னொரு ஏலத்து வண்டியைத்தான் தேடிப் போக வேண்டும்.

இனி பாடி கட்டுவது. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புதிதாகப் புரிந்தது. ரிக் வண்டி கட்டும் பட்டறைக்காரர்கள் சேசிஸின் மேல் இன்னொரு கனமான சட்டத்தை முழு நீளத்துக்கும் படியவைத்து, இறுக்கிப் பூட்டுகிறார்கள். துளை போடும் இயந்திரம் ஆடக் கூடாது என்பதால் சேசிஸ் முறுக்கிக்கொள்ளவே கூடாது. ராணுவ லாரி இதற்கு நேர் எதிர். ஒரு சக்கரம் மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் இருக்கும்போது, அதன் சேசிஸ் முறுக்கிக்கொடுப்பதால்தான் நான்கு சக்கரமும் தரையைவிட்டு எழாமல் இருக்கின்றன. அதன்மேல் பழைய மரப்பலகை பாடி என்றால் அதுவும் கூடவே வளைந்து கொடுத்துவிடும். குளிர்சாதன லாரிக்குப் போடும், நடுவில் நுரை வைத்த பஃப் பலகையில் கட்டிய வீட்டுப் பெட்டி வளையாது. இரண்டையும் இறுக்கிப் பூட்டினால், முதல் கரட்டுப் பாதையிலேயே மூலைகள் விரிசல் விடும், கதவு பூட்ட வராது, ஜன்னல் கண்ணாடி தெறிக்கும்.

அதற்கு வழி உண்டு. பெட்டிக்குத் தனிச் சட்டம் அடித்து, பின்பக்கம் அசையாமல் பூட்டி, முன்பக்கம் சுருள் வில்மேல் மிதக்க விடலாம். அல்லது மூன்று இடத்தில் மட்டும் தாங்கி, ஒன்றைச் சுழலும் முனையாக வைக்கலாம். செய்யத் தெரிந்த கைகள் திருச்செங்கோட்டில் நிச்சயம் இருக்கின்றன. ஆனால் அவர்கள் கை பழகியது எதிர்த்திசையில். நாங்கள் கேட்ட பட்டறையில் பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதற்குங்க இந்த வம்பு? நான் முறுக்கிக்கொள்ளாமல் செய்து தருகிறேன்" என்றார். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது.

காகிதம்

ராணுவ வண்டிக்கு ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகம் கிடையாது. அம்புக்குறி போட்ட எண்ணோடு ஓடியது. ஏலத்தில் வந்த பிறகுதான் முதன்முதலாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படியேறும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி படிவம் 20-ல் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, ராணுவ அதிகாரியிடமிருந்து படிவம் 21-ல் அசல் விற்பனைச் சான்றும் வைக்க வேண்டும். அந்த ஒற்றைத் தாள் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது லாரி அல்ல, வெறும் இரும்பு. அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலத்தில் லாட் விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். பழைய இரும்பாக விற்கும் லாட் வேறு, ஓடும் வண்டியாக விற்கும் லாட் வேறு. இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் என்பதுதான் விதி. எடுத்த பிறகு புகார் சொல்ல ஆளில்லை. வியாபாரி கைமாறி வந்த வண்டி என்றால் அசல் தாளைக் கண்ணால் பாருங்கள். நகல் காட்டி, அசல் பின்னால் வரும் என்று சொன்னார்கள் எங்களிடம். நாங்களும் பின்னால் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

அடுத்தது புகை. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் புதுப் பதிவுக்கு பி.எஸ். 6 என்ற புகைத் தரம். பதினைந்து வருடம் முன்பு செய்த ராணுவ லாரி இன்று முதல் பதிவுக்குப் போனால் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. ஏலத்துக்கு டெபாசிட் கட்டுவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் ஆய்வாளர் மாறியதும் மாறிவிடும்.

எந்த வண்டியானாலும் பொருந்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே நேரம் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஒரு வகை, போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலிலேயே இருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் உண்டு. ஆகவே கேரவன் வைத்திருப்பது குற்றமில்லை. குறுக்குவழியில் செய்வதுதான் குற்றம். வேனின் ஆர்.சி.யில் பதினேழு இருக்கை என்றிருக்க, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தால், சோதனைச் சாவடியில் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவது இந்த ஓட்டையைத்தான்.

காகிதக் கணக்கில் முதலிடம் புதுச் சேசிஸுக்கு. அதற்கு மேலே பாடி இல்லாமலே விற்கிறார்கள். பாடி கட்டுவது அங்கீகாரம் பெற்ற பட்டறையின் வேலை, சான்றும் அவர்கள் தருவது. மாற்றம் என்ற பேச்சுக்கே அவ்வளவாக இடமில்லை. டிராவலர் அடுத்தது, கேரவனுக்கு ஒப்புதல் உள்ள பட்டறையில் செய்து, ஆர்.சி.யில் வகையை மாற்றிக்கொள்ள வேண்டும். ராணுவ லாரி எங்கோ பின்னால் வருகிறது.

மச்சினனுக்கு அடி விழுந்தது இவை எதிலும் இல்லை. அதே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஐப் படித்துக் காட்டினேன்: பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எந்த மோட்டார் வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அந்தப் பச்சை போன பிறகு ஸ்டாலியனும் பார்ப்பதற்கு மற்றொரு லாரிதானே என்று அன்று இரவு அவனே முணுமுணுத்தான்.

படுக்கும் இடம்

ஏறும் சக்தியைப் பற்றிப் பேசும் யாரும் இரவு எங்கே நிறுத்துவது என்று பேசுவதில்லை. கொங்கு நாட்டைச் சுற்றி மலைக்குக் குறைவில்லை. திம்பம் ஏறினால் 27 கொண்டை ஊசி, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. எல்லாமே தார்ச்சாலை. அரசுப் பேருந்து தினமும் ஏறுகிறது. நான்கு சக்கர விசை எதற்கு? அங்கே வேண்டியது குறுகிய இடத்தில் திரும்பும் நீளமும் நல்ல பிரேக்கும். நீள லாரிகள் திம்பம் வளைவில் ஒரே மூச்சில் திரும்ப முடியாமல், பின்னால் எடுத்து எடுத்துத் திருப்புவதை அந்த வழியாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

தார்ச்சாலையைவிட்டு இறங்கிக் காட்டுக்குள் போகலாமே என்றால், அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். தெற்கே போனால் ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே வண்டியை இறக்குவதே குற்றம். பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவே 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். காட்டாற்றின் ஓரம் லாரியை நிறுத்தி, கூரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படங்கள் பிற நாட்டு வெட்டவெளிகளுக்கு உரியவை. இங்கே அப்படி உட்கார்ந்தால் முதலில் வனக்காவலர் வருவார். அவர் வராவிட்டால் யானை வரும்.

நமக்கு உண்மையில் படுக்கக் கிடைக்கும் இடங்கள் வேறு. சொந்தக்காரர் சாளையின் களம், திருவிழா இல்லாத நாளில் கோயில் திடல், இரவு முழுக்க விளக்கெரியும் பெட்ரோல் பங்க், காங்கேயம் பக்கம் தெரிந்தவரின் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம். இவை எல்லாவற்றுக்கும் போகும் வழி குறுகலானது. தலைக்குமேல் மின்கம்பி தாழ்ந்து தொங்கும். ஸ்டாலியனின் மேடை நெஞ்சுயரம். அதன்மேல் நின்று நடமாடும் பெட்டி வைத்தால் பதினொன்றரை அடியைத் தாண்டும். ரயில்வே சுரங்கப் பாலங்களில் ஒவ்வொன்றாக உயரப் பலகையைப் படித்துக்கொண்டே போக வேண்டும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் வீசும்போது, அம்மி பறக்கிறதோ இல்லையோ, உயரமான பெட்டி வண்டியில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாக வேண்டும்.

மழைக்காலத்தில் கரிசல் மண்ணில் மட்டும் நான்கு சக்கர விசை அருமை. பல்லடம், உடுமலைப் பக்கக் கரிசலில் ஐப்பசியில் மாட்டிய எந்த வேனும் டிராக்டரை நம்பித்தான் வெளியே வரும். ஆனால் அந்த ஊரில் டிராக்டர் இல்லாத தோட்டம் எது?

லடாக் போக வேண்டும், மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டும், நானூறு லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும் என்பவர்களுக்கு என் தீர்ப்பு பொருந்தாது. அவர்கள் 713-ஐப் பார்க்கலாம். ஸ்டாலியனைவிட உடல் சிறியது, எஞ்சினும் டாடாவின் பொது லாரிகளுக்கு உறவு. காகிதம் சரியாக இருந்தால்.

கணக்கு

லிட்டர் டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாலியன் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால், ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்து 33 ஆயிரம். டிராவலர் பத்து கொடுத்தால் 46,500. வருடத்துக்கு 86 ஆயிரம் வித்தியாசம். அந்தப் பணத்துக்கு நல்ல விடுதியில் பல இரவுகள் தங்கலாம் என்று மாமனார் சொன்னார். வண்டி வாங்கும் யோசனையையே தகர்க்கும் வாதம் என்பதால் அதை நான் குறிப்பில் சேர்க்கவில்லை.

உரிமமும் ஒரு கணக்கு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகு ரக உரிமம் போதும். ஸ்டாலியன் அதைத் தாண்டும். மச்சினன் ஒருவன்தான் ஓட்ட முடியும். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் பயணமே படுத்துவிடும்.

எடையில் டிராவலர் தோற்றுவிடும் என்று பயந்தேன். பதினேழு பேர் வேன் என்றால், ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் 1,100 கிலோவுக்குமேல் சுமக்கும் வண்டி. நாங்கள் நால்வர் 260 கிலோ. மீதி 840 கிலோவோடு, கழற்றிய இருக்கைகளின் எடையும் கையில் நிற்கிறது. தண்ணீரை நூறு லிட்டரோடு நிறுத்தி, அலமாரியை ஒட்டுப்பலகையில் செய்து, ஈய பேட்டரிக்குப் பதில் லித்தியம் பாஸ்பேட் வைத்தால் தாராளமாகப் போதும். இரும்புக் குழாயில் கட்டில் செய்யாமல் இருக்க வேண்டும். நம் பட்டறைகளில் அதைத் தடுப்பதுதான் கஷ்டம், மெல்லிய குழாய் போட்டால் அவர்களுக்குக் கௌரவக் குறைவு.

கேஸ் அடுப்பு வைக்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் துளை வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது.

புதுச் சேசிஸ் பற்றி நான் குறைவாகவே சொல்லியிருக்கிறேன், அதில் குறை சொல்ல அதிகம் இல்லாததால். ஐந்து டன்னுக்குள் மொத்த எடை, ஊருக்கு ஊர் உதிரிபாகம், விரும்பிய அளவில் பெட்டி, சுத்தமான காகிதம். பெட்டியை ஏழடி அகலத்துக்குமேல் கட்டாமல் இருந்தால் இட்டேரியிலும் வரும். விலைதான் பிரச்சினை: சேசிஸே பத்து லட்சத்தை ஒட்டி, அதன்மேல் பஃப் பெட்டியும் உள்வேலையும். கையில் பணமிருந்து, பத்து வருடம் வைத்து ஓட்டப் போகிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்கள். எங்களிடம் அவ்வளவு இல்லை.

தரையுயரம் கடைசி முடிவைச் செய்தது. ஸ்டாலியன் பெட்டிக்குள் ஏற நான்கு படி ஏணி வேண்டும். அந்த மைதானத்தில் மாமனார் அதை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கிறவன் நான். ஒவ்வொரு தடவையும் தென்னை மரம் ஏறி இறங்க வேண்டுமா?" என்று கேட்டார். பெட்டிக்குள்ளேயே கழிப்பறை இருக்கும் என்று விளக்கினேன். படுக்கும் இடத்திலேயா என்று முகம் சுளித்தார். அந்தத் தலைமுறையிடம் அந்த வாதத்தில் ஜெயிக்க முடியாது.

ஈரோட்டில் எட்டு வருடம் ஓடிய டிராவலர் ஒன்று ஏழு லட்சத்துக்குக் கிடைத்தது. இட்டேரியில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல் இடம் விட்டு வந்தது. இருக்கைகள் இப்போது களத்தில் வரிசையாகக் கிடக்கின்றன, கோழிகள் முட்டையிடுகின்றன. ஆர்.சி. மாற்றத்துக்கான விண்ணப்பம் போன வாரம் கொடுத்தாயிற்று. எந்த வண்ணம் அடிப்பது என்று மச்சினனிடம் விட்டிருக்கிறோம். ஆலிவுக்கும் பாசிப்பயறு நிறத்துக்கும் சட்டப்படி எவ்வளவு தூரம் என்று அவன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.